கேட்காமல் விட்டது

டெக்சஸ் மாநிலத்தில் கேட்டி என்ற ஊரில் வால்வு தயாரிக்கும் ஒரு கம்பெனியில் அனந்தலக்ஷ்மி ஹெச்.ஆர். மேனேஜர். மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, டெஸ்டிங் பிரிவில் வேலை பார்க்கும் சபரி அவள் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினான்.

"அக்கா, முகுந்த் சாரைப் பத்தி ஒண்ணு சொல்லணும். போட்டுக் குடுக்கறேன்னு நினைக்காதீங்க."

முகுந்த் அங்கே சீனியர் என்ஜினியர். கோபிசெட்டிபாளையத்துக்காரர். அவர் மனைவி கயல் போன ஆகஸ்டில் புற்றுநோயில் இறந்துபோனாள். குழந்தைகள் இல்லை. கயல் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் அனந்தலக்ஷ்மி வாரம் தவறாமல் ரசம் வைத்து எடுத்துப் போயிருக்கிறாள். காரியமெல்லாம் முடிந்த பிறகு அந்தப் போக்குவரத்து எப்படியோ நின்றுவிட்டது.

"லஞ்சுக்கு அவர் உள்ள வர்றதே இல்லக்கா. பார்க்கிங் லாட்ல கார்லயே உக்காந்திருக்காரு. நேத்து போய்க் கண்ணாடியைத் தட்டினேன். மடியில துப்பாக்கி. என்னைப் பாத்ததும் எடுத்து உள்ள வெச்சுட்டாரு."

"இது டெக்சஸ், சபரி. நம்ம வெல்டிங் ஷாப்ல பாதிப் பேர் ட்ரக்ல இருக்கும்."

"அவங்க யாரும் அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கலயேக்கா."

அவன் போனதும் அவள் கம்பெனியின் வக்கீலுக்கு போன் செய்தாள். சட்டம் தெளிவாக இருக்கிறது என்றார் அவர். முறைப்படி வைத்திருக்கும் துப்பாக்கியை ஓர் ஊழியர் தன் சொந்தக் காரில் பூட்டி வைத்தால், கார் கம்பெனியின் இடத்திலேயே நின்றாலும், முதலாளி தடுக்க முடியாது. கட்டடத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்று வேண்டுமானால் சொல்லலாம். உள்ளே கொண்டுவந்தாரா? இல்லை. யாரையாவது மிரட்டினாரா? அதுவும் இல்லை. அப்படியானால் கம்பெனி செய்ய ஒன்றுமில்லை என்றார்.

போனை வைத்தபோது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. பிற்பாடு அவளால் மன்னிக்க முடியாமல் போனது அந்த நிம்மதியைத்தான்.

மறுநாள் முகுந்தைக் கூப்பிட்டாள். வந்து உட்கார்ந்தார். சட்டை தோளிலிருந்து தொங்கியது.

"எப்படி இருக்கீங்க முகுந்த்?"

"இருக்கேனுங்க."

"ஒரு மாசம் லீவு எடுத்துக்கிட்டு ஊருக்குப் போய்ட்டு வாங்களேன். நான் அப்ரூவ் பண்றேன்."

"ஊருக்குப் போனா எல்லாரும் கயலைப் பத்தியே பேசுவாங்க. இங்க யாருமே பேசறதில்ல. எது கஷ்டம்னு தெரியலீங்க."

அனந்தலக்ஷ்மி கவுன்சலிங் நம்பர் அச்சடித்த தாளை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் அதை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். 'அந்தத் துப்பாக்கியைக் கொஞ்ச நாள் எங்க வீட்ல குடுத்து வைங்களேன்' என்பது அவள் நாக்கு வரை வந்தது. சபரி சொன்னது தெரிந்துவிடுமோ, நாளைக்கே கம்பெனி தடுத்தது என்று ஆகிவிடுமோ என்று யோசித்தாள். அதற்குள் அவர் எழுந்து கதவு வரை போய்விட்டார்.

"வேற ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"இல்ல முகுந்த். அவ்வளவுதான்."

அடுத்த வாரம் வியாழக்கிழமை, லஞ்ச் முடிந்து எல்லாரும் இருக்கைக்குத் திரும்பிய நேரம், வெளியே ஒரு சத்தம் கேட்டது. சபரிதான் முதலில் ஓடினான். அனந்தலக்ஷ்மி ஓடவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். யாரும் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை.

உடலை ஊருக்குக் கொண்டுபோக முகுந்தின் அண்ணன் கிட்டுசாமி விசா வாங்கி வந்து சேர ஒரு வாரம் ஆனது. காலை பத்து மணிக்குத் தம்பியின் சாமான்களை வாங்க ஆபீசுக்கு வந்தார். ஒரு ஸ்வெட்டர், இரண்டு புத்தகம், கயலின் போட்டோ. எல்லாம் ஓர் அட்டைப்பெட்டியில் அடங்கிவிட்டது.

"மேடம், ஒண்ணே ஒண்ணு கேக்கறேனுங்க. அவன் காருக்குள்ள துப்பாக்கி வெச்சிருந்தது இங்க யாருக்காச்சும் தெரியுமுங்களா?"

இந்தக் கேள்வி வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று வக்கீல் எழுதியே கொடுத்திருந்தார். அவள் அதைச் சொல்லவில்லை.

"எனக்குத் தெரியும். அன்னிக்கு ஒம்பது நாள் முன்னாடியே தெரியும்."

"வெக்காதேன்னு சொல்லியிருக்கலாமுங்களே?"

"கம்பெனி அப்படிச் சொல்ல முடியாதுன்னு சட்டம் இருக்கு சார். ஆனா, என்கிட்ட குடுங்கன்னு நான் கேக்கறதை எந்தச் சட்டமும் தடுக்கல. எதிர்லதான் உக்காந்திருந்தாரு. கேக்காம விட்டுட்டேன்."

கிட்டுசாமி கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை. அவர் பெட்டியின் மூடியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"நானும் ஞாயித்துக்கிழமையானா போன் பண்ணுவேனுங்க. சாப்டியாடான்னு கேப்பேன். சாப்ட்டேன்பான். வெச்சுருவேன்."

அவர் போன் அடித்தது. கோபியிலிருந்து அவர்கள் அம்மா மரகதம், வீடியோ காலில். அவர் அவசரமாகக் குரலைத் தாழ்த்தினார். "அம்மாகிட்ட மாரடைப்புன்னுதான் சொல்லியிருக்கறோம். நீங்களும் அப்படியே சொல்லிருங்க." பிறகு, "அம்மா, இவங்க முகுந்தோட வேல பாத்தவங்க," என்று போனை அவளிடம் நீட்டினார்.

திரையில் அழுது வீங்கிய முகம் ஒன்று அவளை உற்றுப் பார்த்தது.

"கண்ணு, ஆபீஸ்ல நம்மாளுக இருக்கறாங்கம்மா, பயப்படாதேன்னு சொல்லுவான். உன்னையத்தானா?"

"ஆமாம்மா."

"கயலு போன பொறவு அவனைத் தனியா உட்டுட்டு எனக்குத் தூக்கமே இல்ல சாமி. நீங்கெல்லாம் இருக்கீங்கன்னுதான் தெம்பா இருந்தேன். நல்லாப் பாத்துக்கிட்டீங்கல்ல?"

அனந்தலக்ஷ்மியால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"இல்லம்மா. நான் சரியாப் பாத்துக்கலம்மா."

"அட, அழுவாத கண்ணு," என்றாள் மரகதம். "நெஞ்சு வலி திடீர்னு வந்தா, நீ என்ன பண்ணுவ?"