பொம்மைக்குப் போட்ட சட்டை

1

1986, மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் சாயங்காலம்.

கதை நடப்பது அன்றைக்கு. எனக்கு அது கிடைத்தது பிறகு, ஓர் அருங்காட்சியகத்தில் இருந்த அட்டையிலிருந்து. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு திருஷ்டிப் பொம்மை. வைக்கோல் உடம்பு, மண்சட்டித் தலை, கரியில் வரைந்த மீசை. கீழே அட்டை: 'நாட்டார் கலை. செய்தவர் தெரியவில்லை.'

தெரியவில்லையாம். யாரைக் கேட்டார்கள்?

(பார்த்தது வேறு ஊரில். பொம்மையைச் செஞ்சிக்குக் கொண்டுவந்து, கோட்டை அடிவாரத்தில் அதற்கோர் அருங்காட்சியகம் கட்டியவன் நான். கட்டியவன்! ஒரு கல் தூக்கவில்லை.)

2

முதல் தொடக்கம்: 'ராஜகிரியின் பின்னால் சூரியன் சாய்ந்த அந்தப் பொன்மாலையில், கட்டடத் தொழிலாளர் சங்கத்தினர் பெருமிதத்துடன்'

வேண்டாம். மலை எப்போதும் அங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது: 'ரத்தினம்மாளுக்கு நாற்காலி இல்லை.'

இதிலிருந்து போகலாம்.

அருங்காட்சியகத்தின் விருது விழா. பந்தல், மைக், சீரியல் லைட். கட்டடத்தை முடித்துக் கொடுத்த சங்கத்துக்குக் கேடயம் தருகிறார்கள். கொத்தனார்களுக்குக் கடைசி வரிசை. சித்தாள்கள் பந்தக்காலை ஒட்டி நின்றார்கள். சிங்கவரத்து ரத்தினம்மாள் அவர்களில் ஒருத்தி. இதே கட்டடத்துக்குக் கலவை சுமந்தவள்.

விழாவுக்கு முன் எல்லோரையும் உள்ளே விட்டார்கள். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். அவள் தேய்த்துக் கழுவிய தரைதான். கழற்றினாள். பொம்மை இருந்த பெட்டிக்கு எதிரில் நின்றுவிட்டாள்.

பொம்மையின் சட்டைப் பையில் பச்சை ஒட்டு. அவளுடைய ரவிக்கைத் துணி. அவள் கையால் தைத்தது.

[இங்கே, கண்ணாடியில் கன்னத்தை வைத்து அவள் விம்மினாள் என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவள் அழவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது.]

3

சாரம் கட்டிய அன்றே பொம்மையும் கட்டினார்கள், கட்டடத்தின் மேல் கண் படாமலிருக்க. மேஸ்திரி கௌஸ் பாஷா வைக்கோலைத் திணித்தார். அவர்தான் சங்கத் தலைவர். பொம்மைக்கு ஒரு சட்டை வேண்டியிருந்தது. ரத்தினம்மாளின் புருஷன், கொத்தனார் பச்சமுத்து, போட்டிருந்ததைக் கழற்றிக் கொடுத்தான்.

"இந்தா பாய், என் சட்டை. எவன் கண்ணும் படாது. என் பொண்டாட்டி கண்ணே பட்டதில்ல."

"படற மாதிரி இருந்தாத்தானே," என்றாள் ரத்தினம்மாள், தலைச் சுமையை இறக்காமலே.

"மீசைய மட்டும் ஒழுங்கா போடு பாய். அங்கயாவது என் மூஞ்சி நல்லா இருக்கட்டும்."

சாரத்தின் மேல் இருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள்.

4

பாதி வேலையில் சாரத்தின் கட்டு அவிழ்ந்து பச்சமுத்து விழுந்தான். பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

(பொம்மை மேலே நின்றது, சட்டைக்காரன் கீழே கிடந்தான் என்று ஒரு வாக்கியம் வந்தது. அழகாக இருந்தது. அதனால்தான் அடைப்புக்குள் இருக்கிறது.)

வேலை முடிந்தால் பொம்மையை அவிழ்த்து ஊருக்கு வெளியே எரித்துவிட வேண்டும். கட்டடத்தின் மேல் விழ வேண்டிய கண்ணெல்லாம் அதில் ஏறியிருக்கும். எரித்திருப்பார்கள் என்றுதான் ரத்தினம்மாள் நினைத்திருந்தாள்.

பெட்டிக்கு எதிரிலிருந்து நேராக அருங்காட்சியகக் காப்பாளர் அரிகிருஷ்ணனிடம் போனாள்.

"அத்த வெளிய எடுத்துக் குடுங்க சார். எரிக்கணும்."

"எரிக்கறதா? நம்பர் போட்டாச்சும்மா. அது மியூசியம் சொத்து."

"எங்க வூட்டுக்காரரு சட்டை சார் அது."

"அப்ப உனக்குப் பெருமைதானே? எத்தினி பேர் வந்து பாக்கறாங்க!"

"பாக்கக் கூடாதுன்னுதானே சார் எரிக்கறது."

அவருக்கு மாலைகள் வந்துவிட்டனவா என்று பார்க்க வேண்டியிருந்தது. போய்விட்டார்.

மேடைக்குப் பின்னால் கௌஸ் பாஷா புதுச் சட்டையில் நின்றிருந்தார்.

"பாய், அவரைக் கொளுத்தியாச்சு. சட்டை மட்டும் இன்னும் காவலுக்கு நிக்குது. நீங்க சொன்னா குடுப்பாங்க."

"அவுத்து ஓரமா வெச்சிருந்தேன் ரத்தினம். அவங்களா எடுத்துக்கிட்டாங்க. இன்னிக்கு வேணாம். அடுத்த கட்டடமும் நமக்குத்தான்னு சொல்லியிருக்காங்க. டென்ஷன் பண்ணாத."

"நமக்கா?" என்றாள்.

5

அரிகிருஷ்ணன் மைக்கில் பாராட்டுரை படித்தார்: 'ஒரு சிறு அசம்பாவிதமும் இன்றி இப்பணியை நிறைவேற்றிய சங்கத்தினர்...'

முன்வரிசை கைதட்டியது. கடைசி வரிசையில் கொத்தனார்கள் துண்டைச் சரிசெய்துகொண்டார்கள்.

இந்தக் கதையில் நான் யோசிக்காமல் எழுதியது அந்தப் பாராட்டுரை வாக்கியம் ஒன்றுதான். எத்தனை திறப்பு விழாக்களில் கேட்டாயிற்று. தானாக வருகிறது.

முடிவுகள்.

அ. ரத்தினம்மாள் கண்ணாடியை உடைக்கிறாள். அவள் ஸ்டேஷனுக்குப் போவாள். சட்டையும் போகும். அங்கேயும் நம்பர் போடுவார்கள்.

ஆ. காப்பாளர் மனம் மாறி, தன் கையாலேயே

இல்லை.

இ. கௌஸ் பாஷா கேடயத்தை மேடையிலேயே வைத்துவிட்டு இறங்கி வருகிறார். எனக்குக் கைதட்டத் தோன்றுகிறது. உங்களுக்கும் தோன்றும். தட்டிவிட்டு வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்குவோம். சட்டை பெட்டிக்குள்ளேயே இருக்கும்.

மூன்றும் வேண்டாம்.

6

பொன்னாடை போர்த்தினார்கள். கேடயம் கொடுத்தார்கள். சங்கத் தலைவர் இரண்டு வார்த்தை பேசுவார் என்றார்கள்.

இன்னும் சில வரிகள்தான், அதற்கு மேல் எழுதப்போவது நீங்கள். என் இடத்தில் உட்கார்ந்து எழுத வேண்டாம். கௌஸ் பாஷாவின் இடத்தில் நின்று எழுதுங்கள்: தோளில் பொன்னாடை, எதிரில் அடுத்த கட்டடத்தைக் கொடுக்கப்போகிறவர்கள், பின்னால் சுவருக்கு அந்தப் பக்கம் பச்சமுத்துவின் சட்டை.

அவர் மைக்கை வாங்கினார். "பெரியவங்க எல்லாருக்கும்..." என்று ஆரம்பித்தார்.

பந்தக்காலிலிருந்து ரத்தினம்மாளின் குரல் வந்தது. அவள் கத்தவில்லை. கீழே நின்று சாரத்தின் மேல் இருப்பவர்களோடு பேசிப் பழகிய குரல். முன்வரிசை திரும்பிப் பார்த்தது.

"பாய், மைக்கு இப்ப உன் கையிலதான் இருக்குது. உள்ள நிக்குதே, அது யாரு சட்டைன்னு சொல்லு."