ஒட்டிய கண்

சுவரில் மாட்டியிருந்த படத்தில் இனியா நேராகப் பார்த்தாள். கீழே பாயில் காலி நூல்கண்டை உருட்டி விளையாடிய இனியா நேராகப் பார்க்கவில்லை. அம்மா தேவிப்ரியாவை உறுத்தியது அதுதான்.

முதல் பிறந்தநாளுக்கு ஸ்டுடியோவில் எடுத்த படம் அது. ரோஸ் கவுன், பொக்கைவாய்ச் சிரிப்பு, கறுகறுவென்று இரண்டு கண். அதற்கப்புறம்தான் இடது கண் மெல்ல மெல்ல மூக்குப் பக்கம் ஒதுங்கியது. பக்கத்து வீட்டுச் சசிகலா பார்த்துவிட்டுக் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

"மாறுகண்ணுடி ப்ரியா! பொண்ணுக்கு மாறுகண்ணு இருந்தா வூட்டுக்கு யோகம். பாத்துகினே இரு."

யோகமும் வந்து தொலைத்தது, அதுதான் கொடுமை. புருஷன் ஹேமநாத் தறியிலிருந்து இறக்கும் பட்டுச்சேலைகளை தேவிப்ரியா போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடுவாள். விரித்த சேலைமேல் குழந்தை போய் உட்கார்ந்துகொள்ளும். வாங்குகிறவர்களுக்கு அது பிடித்துப்போய், "பாப்பா இருக்கிற சேலைதான் வேணும்" என்று கேட்கத் தொடங்கினார்கள். போட்டதெல்லாம் விற்றது.

அந்தப் படங்கள் சிலவற்றில்தான் அது தெரிந்தது. இடது கண்ணில் கறுப்பே இல்லை. பாலை ஊற்றி வைத்த மாதிரி வெள்ளையாக எதுவோ உள்ளிருந்து எட்டிப் பார்த்தது.

"ஏங்க, இங்க பாருங்க."

ஹேமநாத் தறியில் ஊடுநூல் ஓட்டும் நாடாவைக் கையிலிருந்து விடாமலே பார்த்தான். "ஜரிகை அடிக்குதுடி. ஃபிளாஷ் போட்டா ஜரிகை சும்மா இருக்குமா? இதுக்கெல்லாம் பேஜார் பண்ணாத."

ஆரணியில் இதைவிட நல்ல பதில் யாருக்குக் கிடைக்கும்? ஜரிகைமேல் ஃபிளாஷ் பட்டால் சுவர், முகம், எவர்சில்வர் சொம்பு எல்லாவற்றிலும் பளீரென்று தெறிக்கும். இது ஊரில் குழந்தைக்கும் தெரியும். தேவிப்ரியா நம்பினாள். வெள்ளை விழுந்த படங்களை அழித்துவிட்டு வேறு எடுத்துப் போட்டாள்.

ஒரு சாயங்காலம் மகளோடு கண்பொத்தி விளையாடினாள். இடது கண்ணைப் பொத்தினால் இனியா கலகலவென்று சிரித்தாள். வலது கண்ணைப் பொத்தியதும் சிரிப்பு நின்றது. முகம் விறைத்துப்போனது. "ம்மா? ம்மா?" என்று இரண்டு கையாலும் காற்றைத் துழாவினாள். ஒரு சாண் தூரத்தில், அவளுக்கு நேர் எதிரே, அம்மா உட்கார்ந்திருந்தாள்.

தேவிப்ரியா எழுந்தாள். விரித்திருந்த சேலையைச் சுருட்டி உள்ளே வைத்தாள். குழந்தையை வெற்றுச் சுவரோரம் நிறுத்தி ஒரு படம் எடுத்தாள்.

கண் வெள்ளையாக மின்னியது. இப்போது ஜரிகை எங்கே இருக்கிறது?

தறிச் சத்தமும் நின்றிருந்தது. நிமிர்ந்து பிறந்தநாள் படத்தைப் பார்த்தாள். அதில் மட்டும் கறுப்பாக, அழகாக, ஒன்றைப் போலவே இன்னொன்று. கிட்டே போய்ப் பார்த்தாள். வலது கண்ணில் ஒரே ஒரு இமைமயிர் கோணலாக வளைந்திருந்தது. இடது கண்ணிலும் அதே மயிர், அதே கோணல். அடி ஆத்தாடி! இந்தக் கண் யாருடையது?

குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஸ்டுடியோவுக்கு ஓடினாள். படம் எடுத்த பழனி சிரித்தான்.

"கண்டுபுடிச்சிட்டீங்களாக்கா? இடது கண்ணு வெள்ளையா வுழுந்துச்சு. பாக்கவே ஒரு மாதிரி பயமா இருந்துச்சு. பொறந்தநாள் படமாச்சே, மனசு கேக்கல. வலது கண்ணையே எடுத்து அங்க ஒட்டிட்டேன்."

கம்ப்யூட்டரில் பழைய படத்தைத் திறந்து காட்டினான். ரோஸ் கவுன், அதே சிரிப்பு, ஒரு கண் கறுப்பு, ஒரு கண் வெள்ளை. கேக் வெட்டிய அன்றைக்கே அது உள்ளே உட்கார்ந்திருக்கிறது. பழனியைத் திட்டக்கூட நிற்காமல் வீட்டுக்கு ஓடிவந்து ஹேமநாத்தின் தறி முன்னால் நின்றாள்.

"ஏங்க, ஜல்தி கெளம்புங்க. கண் டாக்டரப் பாக்கணும்."

"சேலை பாதியில நிக்குதேடி..."

"சேலை கெடக்கட்டும்! அது ஜரிகை இல்லீங்க!"

விடிந்ததும் கண்ணமங்கலம் வழியாக வேலூர் பஸ் ஏறினார்கள். அங்கே ஆஸ்பத்திரியில் அமலா டாக்டர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், ஸ்கேன் எடுக்கச் சொன்னார், பிறகு உட்காரச் சொன்னார்.

"கண்ணுக்குள்ள கட்டிம்மா. கேன்சர். சின்னக் கொழந்தைங்களுக்கு வர்றதுதான். போட்டோவுல கண்ணு வெள்ளையா மின்னுறதும், புதுசா மாறுகண்ணு விழறதும் இதோட அடையாளம்."

"மாறுகண்ணு யோகம்னாங்களே மேடம்," என்றான் ஹேமநாத்.

"மொதல்லயே வந்திருந்தா கண்ணையும் காப்பாத்தப் பாத்திருக்கலாம். இப்ப எடுத்துதான் ஆகணும். ஆனா கட்டி கண்ணைத் தாண்டல. கொழந்தை பொழைச்சுக்குவா."

வார்டில் அடுத்த கட்டிலில் போளூரிலிருந்து வந்த கண்ணகி மகனோடு இருந்தாள். விழாமலே பையன் உடம்பெல்லாம் கன்றிப்போயிருந்ததாம், விட்டு விட்டுக் காய்ச்சலாம். பள்ளிக்கூடத்தில் யாரோ அடிக்கிறார்கள் என்று சண்டைக்குப் போனார்களாம். ரத்தத்தில் கேன்சர் என்று இங்கே வந்துதான் தெரிந்ததாம். தேவிப்ரியா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

கண்ணை எடுத்தார்கள். புண் ஆறியபின் செயற்கைக் கண் வைக்க வரச் சொன்னார்கள். அங்கே ஒருவர் இனியாவை எதிரே உட்காரவைத்து, வலது கண்ணை உற்று உற்றுப் பார்த்து, சின்னத் தூரிகையால் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன சார் பண்றீங்க?"

"வலது கண்ணப் பாத்து அதே மாதிரி இதையும் வரையறேம்மா. ரெண்டும் ஒண்ணு போலவே இருக்கும்."

தேவிப்ரியாவுக்குப் பழனி ஒட்டிய கண் நினைவுக்கு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் இனியா தன் பழைய பாயில் போய் உட்கார்ந்து நூல்கண்டை உருட்டினாள். மேலே படம், கீழே அவள். இரண்டு இடத்திலும் ஒரே கறுப்புக் கண்கள், இரண்டும் நேராக. ஹேமநாத் அதைப் பார்க்கப் பொறுக்காமல், படத்தைக் கழற்ற ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

"இருக்கட்டும் வுடுங்க," என்றாள் தேவிப்ரியா. "இப்பதான் அது நம்ம பொண்ணு மாதிரி இருக்குது."