நங்கூரத்தின் இடது கை

மச்சானுக்கு நான் தர வேண்டியது மூவாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். மூவாயிரத்து அறுநூறு கூரைத் தகட்டுக்கு. நாற்பது, அதை ஏற்றி வந்த வண்டிக்கு. பெரிய தொகையை அவர் வாயெடுத்துக் கேட்டதில்லை. அந்த நாற்பதைத்தான் குத்திக் குத்திக் கேட்பார்.

அவர் என் மனைவிக்கு அண்ணன். நங்கூரப் பட்டறையில் எனக்கு ஜோடியும் அவர்தான். குறடு பிடித்து இரும்பைத் திருப்புவது அவர், சம்மட்டி போடுவது நான். இப்போது தண்ணீர்ச் செம்பைத் தூக்கினாலே தோள் முனகுகிறது. அப்போது நாள் முழுக்க அடித்துவிட்டு, வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவரோடு வம்பளக்கவும் தெம்பு மிச்சம் இருந்தது.

அந்த வாரம் ஒரு பெரிய படகுக்கு நங்கூரம். நடுத்தண்டின் அடியில் இரண்டு பக்கமும் வளைந்த இரும்புக் கைகளைப் பழுக்கக் காய்ச்சி அடித்து ஒட்ட வேண்டும். கை அளவுக்கு மேல் விரிந்தால் மண்ணில் இறங்காது. மடங்கிப்போனால் பிடிக்காமல் உழுதுகொண்டே வரும். அதனால் பலகையில் வெட்டிய அச்சை வைத்துப் பார்ப்போம். கையும் தண்டும் சேரும் இடத்தில்தான் மொத்தப் படகின் இழுப்பும் விழும். அங்கே மட்டும் இரும்பைக் கனமாக விடுவோம்.

வலது கை அழகாக ஒட்டியது. இடது கை உலையில் பழுக்கும்போது மச்சான் ஆரம்பித்தார்.

"மாப்ளே, அந்த நாப்பது எப்ப வரும்? என் பேரப்பிள்ளை காலத்துலயா?"

இந்த நங்கூரக் கூலி வந்ததும் மொத்தத்தையும் மூஞ்சியில் எறிகிறேன் என்றேன். எறிந்தால் சில்லறை சிதறும், கையில் கொடு என்றார். நானும் விடவில்லை, அவர் வாங்கிப்போய்த் திருப்பித் தராத என் குடையைக் கிளறினேன். வெள்ளையாகப் பழுத்த இரும்பைக் குறட்டில் எடுத்தவர், குடைக்குப் பதில் சொல்ல ஒரு மூச்சு நின்றார். பிறகுதான் பட்டடைக் கல்லில் வைத்தார். அடித்தேன். ஒட்டியதாகத்தான் தெரிந்தது.

சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட்டோம். அவசரப்பட்டுத் தண்ணீரில் முக்கினால் இரும்பு விறைத்து ஒரு நாள் படக்கென்று முறிந்துவிடும். ஆறியதும் கயிற்றை அறுக்காதபடி ஓரங்களை அரம் போட்டு மழுக்கினேன்.

மறுநாள் சோதனை. சங்கிலியில் தூக்கி, இரண்டு ஆள் உயரத்திலிருந்து இரும்புப் பாளத்தின்மேல் போட்டோம். பட்டறையே குலுங்கியது. ஒரு கீறல் இல்லை. துருப் பிடிக்காமல் பூச்சு ஏற்றத் துத்தநாகத் தொட்டிக்கு அனுப்புங்கள் என்றார் முதலாளி. மனசுக்குள் நான் கூலி வாங்கி, கடன் அடைத்து, நிமிர்ந்து நடந்தும்விட்டேன்.

மச்சான் மட்டும் அதைத் தொங்கவிட்டபடியே சின்னச் சுத்தியலால் தட்டினார். வலது கை கணீரென்று நெடுநேரம் பாடியது. இடது கை தொடங்கிய பேச்சைப் பாதியில் விழுங்கியது போலிருந்தது அவருக்கு. முதலாளிக்கும் எனக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

அந்தக் கையை வெட்டிப் பார்க்க வேண்டும் என்றார் மச்சான். வெட்டினால் கரிச்செலவும் பாதிக் கூலியும் உங்கள் தலையில் என்றார் முதலாளி. நான் மச்சானை ஓரமாக இழுத்தேன். அந்தக் கூலி உங்கள் கைக்குத்தானே வரப்போகிறது, உங்கள் காசில் நீங்களே மண்ணைப் போடலாமா என்றேன். அப்படியே உள்ளே வெடிப்பு இருந்தாலும் துத்தநாகம் ஏறினால் மூடிக்கொள்ளும், யார் பார்க்கப்போகிறார்கள் என்றும் சொன்னேன்.

"நாம பார்க்க மாட்டோம். அந்தப் படகுல தூங்குறவன் பார்ப்பான்," என்றார்.

வெட்டினார். ஒட்டின இடத்தின் நடுவில், ஆறிய இரும்பில் படியும் கருப்புச் செதில் உள்ளங்கை அகலத்துக்கு. இரும்பு இரும்பைத் தொடவே இல்லை.

மறுபடி உலையில் வைத்தோம். இந்த முறை இருவரும் வாயே திறக்கவில்லை. ஆறவிட்டு, போட்டு, தட்டிப் பார்த்தபோது இரண்டு கையும் ஒரே குரலில் பாடின. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

முதலாளி சொன்னபடி பாதியைப் பிடித்துக்கொண்டார். வந்ததை அப்படியே மச்சானிடம் நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"தீ முன்னாடி காசு பேச்சை எடுத்தது நான். என் வாயாலதான் இரும்பு ஆறுச்சு, உன் கூலியும் போச்சு. கணக்கு தீர்ந்துச்சு மாப்ளே. வீட்டுக்குக் கொண்டு போ."

எவ்வளவோ மல்லுக்கட்டினேன், மசியவில்லை. அன்றிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் சண்டை போட நாங்கள் வேறு விஷயம் தேட வேண்டியிருந்தது.