யப்பான் அரசனைப் பார்க்கப் போன நாள்

இனி மருந்து கொடுத்துத் தம்பித்துரையின் உடம்பை வருத்துவதில் அர்த்தமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதை ஜெர்மனிலிருந்து தமிழுக்கு மாற்றி அப்பாவிடம் சொல்லும் வேலை சிவகலாவின் தலையில் விழுந்தது. அவள் சொல்லி முடிக்கும்வரை தம்பித்துரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோட்டுப் பைக்குள்ளிருந்து நாலாக மடித்த பத்திரிகைத் தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். ட்ராமில் சும்மா கிடக்கும் இலவசப் பத்திரிகை. அதில் ஒரு வெண்கலச் சிலையின் படம்.

"இது எங்கை இருக்கு எண்டு வாசிச்சுச் சொல்லு பிள்ளை. யப்பான்காரன்தானே?"

யப்பான்காரன்தான். நானூறு வருடங்களுக்கு முன் அந்த நாட்டை ஆண்ட ஒருவன். அவர்கள் வசிக்கும் பேர்ணிலிருந்து ஒரு மணித்தியால ரயில் தூரத்தில், ஏரிக்கரை நகரமொன்றின் பூங்காவில், யப்பானிய நகரமொன்று நட்புக்காகக் கொடுத்த சிலை.

"என்னை ஒருக்கா அங்கை கூட்டிக்கொண்டு போ."

அப்பாவுக்கு யப்பான் மீதிருந்த பகை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவர் மலாயாவில், சிரம்பானில் பிறந்தவர். அவருக்கு ஒரு வயதாக இருக்கும்போது, ரயில்வே கந்தோரில் கிளாக்கராக இருந்த அவருடைய தகப்பனை யப்பான் ராணுவம் சயாமுக்கு ரயில்பாதை போடக் கொண்டுபோனது. மனிதர் திரும்பி வரவில்லை. செத்தார் என்ற செய்தியும் வரவில்லை. யுத்தம் முடிந்தபின் தாய், பிள்ளையையும் தூக்கிக்கொண்டு, அதே கந்தோரில் வேலை செய்த தன் தமையன் சண்முகலிங்கத்தோடு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தாள். அந்தத் தாய்மாமன்தான் தம்பித்துரையை வளர்த்துப் படிப்பித்து, தன் மகள் தில்லைநாயகியையும் கட்டிக்கொடுத்தார். சிவகலா அந்தத் தில்லைநாயகியின் மகள்.

அப்பா இருந்த வீட்டுக்குள் யப்பான் ரேடியோ வந்ததில்லை. ஓர்லிகோனில் இருக்கும் அண்ணன் இரவீந்திரன் யப்பான் கார் வாங்கியபோது, அதில் ஏற மாட்டேன் என்று கொட்டும் மழையில் பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தே போனவர் அவர்.

ஆஸ்பத்திரிச் சமையலறை வேலைக்கு ஒரு நாள் லீவு போட்டாள் சிவகலா. அப்பா சிலையில் துப்பினாலும் துப்புவார் என்று, ஒரு துணியையும் ஒரு போத்தல் தண்ணீரையும் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

பூங்காவில் கூட்டமில்லை. ஏரிப் பக்கமிருந்து ஈரக் காற்று வந்தது. சிலை அவள் நினைத்ததைவிடச் சிறியது. கால்களை மடக்கி, முழங்கால்கள் இரண்டிலும் கைகளை ஊன்றி, முன்னால் இருந்த குப்பைத் தொட்டியைப் பார்த்தபடி அரசன் உட்கார்ந்திருந்தான். தோளில் புறா எச்சம் காய்ந்து கிடந்தது. தம்பித்துரை பொல்லை ஊன்றி அதன் முன்னால் நின்றார். சிவகலா துணியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

அவர் துப்பவில்லை. கையை நீட்டி வெண்கல முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த மர வாங்கில் போய் உட்கார்ந்தார்.

"இவன் எப்பவோ செத்துப் போனவன், என்ன?"

"ஓமப்பா. நானூறு வருசம். அந்தச் சண்டைக்கும் இவருக்கும் ஒரு சம்பந்தமுமில்லை."

"தெரியும்," என்றார். "அண்டைக்குச் சண்டைக்கு வந்தவங்களும் இப்ப இல்லை. நான்தான் இருக்கிறன்." மூச்சு வாங்கக் கொஞ்சம் பொறுத்தார். "கேட்டுக்கொண்டிரு பிள்ளை. இடையிலை மறிக்காதை. எண்பத்தோராம் வருசம் கொம்மாவின்ரை அப்பா பெரியாஸ்பத்திரியிலை கிடக்கேக்கை, என்னைத் தனியக் கூப்பிட்டவர்."

சிவகலாவுக்கு அம்மப்பா சண்முகலிங்கத்தை நல்ல ஞாபகம். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது படலையில் நின்று அவளுடைய புத்தகப் பையை வாங்கிக்கொள்ளும் மனிதர்.

"கந்தோரிலையிருந்து ஆறு பேரின்ரை பேர் எழுதித் தா எண்டு யப்பான் ஒபிசர் மாமாட்டைக் கேட்டவனாம். மாமா தலைமைக் கிளாக்கர். கலியாணம் கட்டாத அஞ்சு பெடியளின்ரை பேரை எழுதியாச்சு. ஆறாவதுக்கு மிஞ்சினது ரெண்டு பேர். மாமாவும் என்ரை அப்பாவும்."

ஒரு பெண் நாயோடு சிலையைச் சுற்றிக்கொண்டு போனாள். அவள் கடந்து போகும்வரை அப்பா பொல்லின் பிடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"தன்ரை தங்கச்சியின்ரை புருசனை அவர் தன்ரை கையாலை எழுதிக் குடுத்தவர். அண்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு எங்கடை வீட்டை வந்தவராம். அப்பா அவருக்கு மீன் பொரிச்சுக் குடுத்தவராம். விடியப் புறம் லொறி வந்தது."

"அப்பா, சாகப்போற மனிசர் ஏதோ பினாத்தி..."

"மறிக்காதை எண்டனான். லொறி நிண்ட இடம், ஆறு பேரின்ரை பேர், எல்லாம் சொன்னவர். நான் அவரின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டுதான் கேட்டனான். விடேல்லை. அந்தக் கைதானே எனக்குச் சோறு போட்டது."

"அப்பம்மாவுக்குத் தெரியுமோ?"

"நான் கேக்கேல்லை. சாகும்வரைக்கும் பொட்டு வைச்சுக்கொண்டு இருந்த மனிசியிட்டை என்னெண்டு கேக்கிறது?"

"அம்மாவுக்கு?"

"கொம்மா தெரியாமலே போய்ச் சேர்ந்திட்டாள். அவளுக்குத் தேப்பன் எண்டால் தெய்வம்." அவர் சிலையைக் கையால் காட்டினார். "வேற ஆரைத் திட்டிப் பேசுறது? அதுக்குப் பிறகும் யப்பான்காரனைத்தான் பேசினனான். வர வரக் கூடப் பேசினனான். உங்களுக்கெல்லாம் அது ஒரு பகிடி."

சிவகலா எழுந்து புற்தரையில் நாலடி நடந்தாள். ஒவ்வொரு ஆவணியிலும் அம்மப்பாவின் திவசத்துக்கு அவள்தான் சமைப்பாள். அம்மா செத்த பிறகும் விடாமல் சமைத்தாள். அப்பா அந்த இலையில் இருந்து சாப்பிடுவார். தன் தகப்பனுக்குத் திதி தெரியாததால் அவர் ஒருநாளும் திவசம் செய்ததில்லை.

திரும்பி வந்து அவருக்கு முன்னால் நின்றாள்.

"இதை ஏன் எனக்குச் சொன்னனீங்கள்? உங்களோடையே போகட்டும் எண்டு விட்டிருக்கலாம்தானே? நான் அவரின்ரை பேத்தியப்பா!"

"ரெண்டு பேருக்கும் பேத்தி நீ," என்றார் தம்பித்துரை. "நானும் சொல்லாமல் செத்தால் அந்த மனிசன் சும்மா காணாமல் போன ஆளாய்ப் போயிடும். காணாமல் போகேல்லை. பேர் எழுதிக் குடுத்தவை. அதை ஒரு ஆளாவது தெரிஞ்சு வைச்சிருக்கோணும்."

"அண்ணைக்குச் சொல்லுங்கோவன்."

"அவன் தாங்க மாட்டான்."

நான் மட்டும் தாங்குவேனா என்று கேட்க வாய் வரை வந்தது. ஆனால் அவர் கண்ணை மூடிக்கொண்டார். முகம் மஞ்சளாக, ஒட்டிப்போய் இருந்தது. ரயிலில் வரும்போது அவர் நித்திரையாகி அவளுடைய தோளில் சாய்ந்தார். அவள் தோளை விலக்கவுமில்லை, அவரை அணைக்கவுமில்லை.

ஏழு வாரத்துக்குப் பிறகு தம்பித்துரை காலமானார். அவள் வேலை செய்யும் அதே ஆஸ்பத்திரியின் நாலாம் மாடியில். கடைசி நாட்களில் அவருக்கென்று கீழேயிருந்து அவள் அனுப்பிய கஞ்சி தொடாமலே திரும்பி வரும். அவள் அதைக் கொட்டிவிட்டு அடுத்த தட்டை அடுக்குவாள். பூங்காவில் பேசியதைப் பற்றி அவர் பிறகு வாயே திறக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கும் நினைவு மலருக்கு எழுதியதை இரவீந்திரன் தங்கைக்கு அனுப்பிவைத்தான். வேலைக்கு வந்து உடுப்பு மாற்றும் அறையில், தலைக்கு வலை போடாமலே நின்று சிவகலா அதைத் தொலைபேசித் திரையில் வாசித்தாள். 'ஒரு வயதில் தந்தையை யப்பானியரிடம் பறிகொடுத்த எம் தந்தை, தெய்வத்திற்கு நிகரான தாய்மாமன் சண்முகலிங்கத்தின் அரவணைப்பில் வளர்ந்து...' பக்கத்தில் அம்மப்பாவின் படம், வெள்ளை வேட்டியும் சால்வையுமாக. அப்பப்பாவின் படம் யாரிடமும் இருந்ததில்லை.

அண்ணன் உடனேயே அழைத்தான்.

"வாசிச்சனியோ? அழுதழுதுதான் எழுதினனான். ஏதும் பிழை இருந்தால் சொல்லு, இண்டைக்கு அச்சுக்குக் குடுக்கோணும்."

அண்ணனுடைய மூச்சுச் சத்தம் கேட்டது. திரையில் 'தெய்வத்திற்கு நிகரான' என்ற சொற்களில் அவளுடைய பெருவிரல் நின்றது.

"பிழை ஒண்டும் இல்லையண்ணை," என்றாள் சிவகலா. "குடுங்கோ."

தொலைபேசியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். தலைக்கு வலையைப் போட்டுக்கொண்டு சமையலறைக்குப் போய், இருநூறு பேருக்குக் கிழங்கு உரிக்க நின்றவர்களோடு சேர்ந்துகொண்டாள்.