எங்க வண்டி, நம்ம வண்டி

அன்று காலை அந்தப் பழைய கார் யார்டின் ஆபீஸ் அறையில் இருந்தவர்கள்: என் அக்கா, கார் புரோக்கர், புரோக்கரின் மச்சான், நான். கார் வெளியே, யார்டு கேட்டுக்குக் குறுக்கே நின்றது. அதையும் ஓர் ஆளாகச் சேர்க்கலாம். எங்கள் நால்வரையும்விட அதுதான் அசையாமல் இருந்தது.

அக்கா நர்ஸ். எழுந்து நடக்க முடியாதவர்களின் வீடுகளுக்குப் போய்க் கட்டு மாற்றுவாள், ஊசி போடுவாள். வண்டி இருந்தால்தான் அந்த வேலை. திங்கட்கிழமைக்குள் வண்டியோடு வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். கையிலிருந்த பணத்தை எல்லாம் போட்டு இந்தப் புரோக்கரிடம் இந்தக் காரை வாங்கியிருந்தாள். அந்தப் பணம் திரும்பி வந்தால்தான் இன்னொரு வண்டி.

கார் சூடானால் நின்றுவிடும். மழை பெய்தால் உள்ளே குளத்து வாடை. நைட் ஷிப்ட் முடிந்து வந்த ஒரு காலையில் தரைவிரிப்பைக் கிழித்துப் பார்த்தேன். அடியில் சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. வெள்ளத்தில் முங்கிய வண்டி. இதைக் கண்டுபிடிக்கப் பட்டம் தேவையில்லை. என்னிடம் அது இல்லவும் இல்லை.

அன்றும் கேட்டுக்குள் நுழையும்போது வழக்கம்போல் நின்றது. அக்கா என்னைத் தள்ளச் சொல்லவில்லை. சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டாள்.

"கேட்டை மறிச்சு நிறுத்தினா எப்படி மேடம்? லாரி வரணும்," என்றார் புரோக்கர். விற்கும்போது தங்கச்சி. இப்போது மேடம்.

"பக்கா கண்டிஷன் வண்டிதானே அண்ணே. நீங்களே ஓரமா எடுத்து விடுங்க."

அவர் எழுந்திருக்கவில்லை.

"நான் வெறும் புரோக்கர் மேடம். கல்யாணத் தரகர் மாதிரி. மாப்பிள்ளை குறட்டை விட்டா தரகரையா கேப்பாங்க?"

"குறட்டையைக் கேக்கல. மாப்பிள்ளை செத்தவன்னு ஏன் சொல்லலன்னு கேக்கறேன்."

சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்து கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்த மச்சான் சிரித்துவிட்டு, இருமுவதுபோல் மாற்றிக்கொண்டார். யார்டில் அவர்தான் மெக்கானிக்.

"அப்போ ஓனரைக் காட்டுங்க. நான் அவர்கிட்டயே பேசிக்கறேன்."

"ஓனர் வெளியூர் போயிட்டார். பேரைச் சொல்றது தொழில் தர்மம் இல்ல." பேர் மாற்றித் தருகிறேன் என்று சொல்லி வண்டியின் எல்லாத் தாள்களையும் அவரே வைத்திருந்தார். "சுத்திச் சுத்திப் பார்த்துதானே வாங்கினீங்க? இருக்கிற நிலையில எடுத்துக்கறேன்னு கையெழுத்தும் போட்டீங்க."

"பார்த்ததுக்கு நான் பொறுப்பு. மறைச்சதுக்கும் நானா பொறுப்பு?"

"மறைக்கிறதுக்கு எனக்கே தெரியாதே மேடம். ஓனர் சொன்னதை நான் உங்களுக்குச் சொன்னேன், அவ்வளவுதான்."

வெளியே லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வயரிங்கை நானும் பார்த்தேன்," என்றாள். "எவனோ அரைகுறை கை வெச்சிருக்கான். ஒழுங்கா டேப் சுத்தக்கூடத் தெரியாதவன்."

தெரிந்தே சொன்னாளா, எரிச்சலில் வந்ததா, இன்றுவரை எனக்குத் தெரியாது. மச்சான் துணியை வீசிவிட்டு எழுந்தார்.

"அரைகுறைன்னு சொல்லாதீங்கம்மா. எங்க வண்டி ஏலத்துல இருந்து வந்தப்போ சீட்டு வரைக்கும் சேறு. ஒவ்வொரு வயரா கழட்டி, கழுவி, காயவெச்சுப் போட்டது இந்தக் கை. வேற எவனாவது அதை ஸ்டார்ட் பண்ணியிருப்பானா?"

"டேய், வாயை மூடுடா," என்றார் புரோக்கர்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் மச்சான் வாயால் கெட்டது.

அக்கா நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"அன்னிக்கு என்ன சொன்னீங்க? 'நம்ம வண்டி தங்கச்சி, கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போ'ன்னீங்க. நம்ம வண்டின்னா அதுல நானும் உண்டு. சரி, வியாபாரப் பேச்சுன்னு விட்டுடறேன். ஆனா இவர் எங்க வண்டிங்கறார். அதுல நான் கிடையாது. நீங்களும் இவரும் மட்டும்தான். ஏலத்துல எடுத்தது நீங்க, சேத்தைக் கழுவினது நீங்க, என் தலையில கட்டினதும் நீங்க. இதுல நடுவுல நிக்கற புரோக்கர் யாரு?"

"அவன் ஏதோ வாய் தவறி..."

"கோர்ட்லயும் வாய் தவறட்டும். நான் கூப்பிடப் போற சாட்சியே இவர்தான். சம்மன்கூட வேண்டாம், அரைகுறைன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்."

மச்சான் முகம் தொங்கவில்லை. தன் வேலையைப் பற்றி யாரோ ஊரறியப் பேசப்போகிறார்கள் என்பதுபோல் ஒரு திருப்திகூடத் தெரிந்தது.

"இங்க வந்து கோர்ட்டுன்னு சொல்லிட்டுப் போனவங்க எத்தனையோ பேர்," என்றார் புரோக்கர்.

"அவங்க போனாங்க. நான் போகல." உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்கென்ன அவசரம்? வேலைக்குப் போகத்தான் வண்டி இல்லையே."

ஹாரன் நிற்கவே இல்லை. லாரிக்காரன் இறங்கி வந்து ஜன்னல் வழியாக, சரக்கை ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போகட்டுமா என்று கத்தினான். லாரியின் மேல் கயிறு கட்டிய மூன்று கார்கள். அவற்றின் சக்கரங்களிலும் சேறு இருந்தது. நான் அதைப் பார்த்தேன். நான் பார்ப்பதைப் புரோக்கர் பார்த்தார்.

"சரி மேடம். கமிஷனை மட்டும் பிடிச்சுக்கிட்டு மீதியை அனுப்பிடறேன்."

"சொந்த வண்டியை வித்தவருக்கு ஏது கமிஷன்?"

அவர் போனை எடுத்தார். பல் பிடுங்கிய இடத்தைத் தடவுகிறவர்போல் மெல்ல அழுத்தினார். அக்காவின் போன் சிணுங்கியது. முழுத்தொகையும் வந்துவிட்டதா என்று அவள் பார்த்தாள், என்னையும் பார்க்கச் சொன்னாள். வந்திருந்தது. தான் கையெழுத்திட்ட தாளைக் கேட்டு வாங்கிக் கிழித்தாள். கார் சாவியை மேசைமேல் வைத்தாள்.

வாசலைத் தாண்டியதும் பின்னாலிருந்து குரல் வந்தது. "மேடம், வண்டியைக் கொஞ்சம் தள்ளிவிட்டுட்டுப் போங்க. தம்பி, ஒரு கை குடுப்பா."

"அது உங்க வண்டி," என்றாள் அக்கா.

லாரிக்காரன் வண்டியை யார் எடுப்பது என்று கத்திக்கொண்டே எங்களைத் தாண்டி ஆபீஸ் படியேறினான். அவன் மேல்படியை எட்டுவதற்குள் எங்கள் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டு, உள்ளிருந்து தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.