எதிர்த் தட்டில் உண்டவர்

போத்தனூர் ரயில்வே காலனிக்குப் பின்சந்தில் இருக்கும் ஞானாபரணத்தின் வீட்டில் கண்ணுக்குத் தெரியாத விருந்தாளி சாப்பிட ஆரம்பித்தது 2019 ஜூலையில், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். அன்றைக்குச் சோறு, சுரைக்காய்க் கூட்டு, ரசம். மனைவி கிருபாவதியை அடக்கம் செய்து பதினோரு நாள் ஆகியிருந்தது. அலமாரியிலிருந்து தட்டை எடுத்தபோது இரண்டு தட்டு ஒட்டிக்கொண்டு வந்தன. பிரித்து ஒன்றை உள்ளே வைக்க மனம் வராமல் இரண்டிலும் பரிமாறிவிட்டு, கண்ணை மூடி ஜெபம் பண்ணினார். அவருடைய ஜெபத்தின் நீளம் சபையில் பிரசித்தம். கண்ணைத் திறந்தபோது எதிர்த் தட்டில் பாதிச் சோற்றைக் காணோம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மீதியும் கவளம் கவளமாகக் குறைந்தது. கறிவேப்பிலை மட்டும் தட்டின் ஓரத்தில் வரிசையாக ஒதுக்கப்பட்டிருந்தது. ஞானாபரணம் தன் சோற்றைச் சாப்பிட்டு முடித்து, இரண்டு தட்டையும் கழுவி வைத்தார்.

ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். ஆனால் ஊர் அவரை அறிந்திருந்தது வேறொன்றுக்காக. சந்தேகக்காரர்களுக்குப் பதில் சொல்பவர் என்று கோயம்புத்தூர் முழுக்கப் பேர். சபையின் மாத இதழில் முப்பது வருஷமாகக் கேள்வி-பதில் பகுதி எழுதிவந்தார். கன்னி எப்படிப் பெற்றாள், மூவர் எப்படி ஒருவர், செத்தவர் எப்படி எழுந்தார் என்று திருப்பூரில் ஒருவர் கேட்டால் திருப்பூருக்கும், மேட்டுப்பாளையத்தில் கேட்டால் மேட்டுப்பாளையத்துக்கும் பஸ் ஏறிவிடுவார். மழுப்ப மாட்டார், படித்துவிட்டுத்தான் போவார். உயிர்த்தெழுதலைப் பற்றி அவருக்குப் பிடித்த வாதம் ஒன்று உண்டு. பெண்களின் சாட்சி செல்லாத காலம் அது. பொய்க்கதை கட்டுகிறவன், காலிக் கல்லறையை முதலில் பார்த்தது பெண்கள் என்றா எழுதுவான்? ஓடி வந்து சொன்ன அந்தப் பெண்களைச் சீடர்களே நம்பவில்லை, வெட்டிப்பேச்சு என்று தள்ளினார்கள் என்று தங்கள் மானத்தைத் தாங்களே வாங்கிக்கொள்வார்களா? இந்த இடத்தில் எதிராளி பெரும்பாலும் டீயைக் குடிக்க ஆரம்பித்துவிடுவார்.

இந்த வருஷங்கள் முழுக்க கிருபாவதி மதியச் சாப்பாட்டைத் தனியாகத்தான் சாப்பிட்டாள். சாப்பாட்டு மேசைக்கு மேலே, எல்லாக் கிறிஸ்தவ வீடுகளிலும் இருப்பதுபோல, கிறிஸ்துவே இந்த வீட்டின் தலைவர், வேளைதோறும் காணப்படாத விருந்தாளி என்று சொல்லும் கண்ணாடி போட்ட போர்டு தொங்கியது. அவள் எப்போதும் ஒரு கைப்பிடி அரிசி கூடுதலாகப் போடுவாள். சாயங்காலம் சட்டியில் ஒரு பருக்கை மிஞ்சாது. எலிதான் என்று முடிவுகட்டி ஞானாபரணம் உக்கடத்தில் ஒரு எலிப்பொறி வாங்கி வந்தார். பன்னிரண்டு வருஷத்தில் அதில் ஒரு எலியும் விழவில்லை.

மகள் சாரா பெங்களூரில் வேலை பார்த்தாள். அடக்கத்துக்கு வந்தவள், நாலாம் நாள் அம்மாவின் சேலைகளை மடித்துக்கொண்டிருந்தபோது அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஊர்ல கேட்டவங்களுக்கெல்லாம் பதில் சொல்லிப்போட்டு வந்தீங்ப்பா. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அம்மா இத்தனை வருஷம் இந்த போர்டுக்குக் கீழ தனியாத்தான சாப்புட்டாங்க. அப்ப அந்த விருந்தாளி எங்க போயிருந்தாரு?"

அவர் வேதப்புத்தகத்தை எடுத்துப் புரட்டிவிட்டு, மூடி வைத்தார். சாரா மறுநாள் ரயிலேறினாள். இனி எனக்காக ஜெபம் பண்ண வேண்டாம், கோயில் பக்கமே போவதாக இல்லை என்று வாசலில் சொல்லிவிட்டுப் போனாள். அப்புறம் போனும் இல்லை. இருக்கிறது ஒரே மகள். அவளுக்கு ஒரு பதில் கிடைக்காவிட்டால் அவளும் இல்லை என்பது ஞானாபரணத்துக்கு நன்றாகத் தெரிந்தது.

ஆகவே எதிர்த் தட்டில் சோறு குறைந்ததும் அவர் செய்த முதல் காரியம் அதை இதழுக்கு எழுதியதுதான். கறிவேப்பிலை விஷயத்தை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார், கர்த்தருக்கு அது கௌரவம் என்று அவருக்குப் படவில்லை. ஒரு பிரதி பெங்களூருக்குப் போனது. பதில் வரவில்லை. வந்தது துடியலூரிலிருந்து நஞ்சுண்டன். கல்லூரியில் இயற்பியல் நடத்தியவர், இருபது வருஷமாக ஞானாபரணத்தை விடாமல் கேள்வி கேட்டவர். உயிர்த்தெழுந்தவர் சீடர்கள் முன்னால் மீன் தின்று காட்டினார் என்றால் எனக்கும் காட்டட்டுமே என்று, மீனும் அவரே வாங்கி வந்தார். மூன்று தட்டு வைத்தார்கள். இரண்டு தட்டு காலியானது. மூன்றாவதில் மீன் ஆறி, குழம்பின் மேல் ஆடை படர்ந்தது. நாலு சனிக்கிழமை இப்படியே நடந்தது. நஞ்சுண்டன் சிரிக்கவில்லை. நாலாவது வாரம் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"பொய் சொல்றீங்கன்னு சொல்லமாட்டேனுங்க. தனியா இருந்தா மனசு இப்படித்தான் எதையாச்சும் காட்டுமுங்க."

அதைவிட அவர் சிரித்திருக்கலாம். சபையிலும் விஷயம் பரவி, கேள்வி-பதில் பகுதி நாசூக்காக நிறுத்தப்பட்டது. அந்தச் சேதி வந்த ராத்திரி இட்லிக்கு விருந்தாளி வழக்கம்போல வந்துவிட்டார். எனக்குச் சாட்சியாக ஒரு துண்டு மீன் தின்றிருக்கக் கூடாதா என்று ஞானாபரணம் எதிர் நாற்காலியைப் பார்த்துக் கோபித்துக்கொண்டார். அதற்குள் மூன்றாவது இட்லியும் தீர்ந்தது.

நவம்பரில் நஞ்சுண்டன் போன் பண்ணினார். "ஏனுங்க சார், உங்க ஊட்டு ஆளு இங்க வந்துபோட்டாருங்க."

நடந்தது இதுதான். பேரனைப் பார்க்க அமெரிக்கா போன நஞ்சுண்டனின் மனைவி புவனா ஆறு வருஷமாகத் திரும்பவில்லை. நஞ்சுண்டன் மெஸ்ஸிலிருந்து சாப்பாடு வாங்கித் தனியாகத்தான் சாப்பிடுவார். சோதனை என்றால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு இடம் வேண்டும் அல்லவா. ஒன்றும் நடக்காது என்ற முழு நம்பிக்கையோடு தன் வீட்டிலும் ஒரு எதிர்த் தட்டை வைத்து, தராசில் நிறுத்துப் பார்த்திருக்கிறார். பதினோரு நிமிஷத்தில் இருநூற்று நாற்பது கிராம் குறைந்திருக்கிறது. ஆவியாகப் போக அது தண்ணீர் இல்லையே என்று போனில் கவலைப்பட்டார்.

ஞானாபரணம் துடியலூருக்குப் போனார். அவர் மேசையில் உட்கார்ந்தவரைக்கும் தட்டு அசையவில்லை. கொஞ்சம் வெளியே நில்லுங்கள் என்றார் நஞ்சுண்டன். ஜன்னலுக்கு வெளியே, வாழை மரத்தடியில் நின்று ஞானாபரணம் எட்டிப் பார்த்தார். எதிர்த் தட்டில் சோறு குறைந்துகொண்டிருந்தது. நஞ்சுண்டன் அந்தத் தட்டிடம், தோட்டத்து மோட்டார் ரிப்பேரானதையும் பேரனுக்குத் தமிழ் வரவில்லை என்பதையும் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இருபது வருஷத்தில் ஞானாபரணம் அந்த முகத்தை அப்படிப் பார்த்ததில்லை.

இரண்டு பேர் உட்கார்ந்த இடத்துக்கு விருந்தாளி வருவதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அதன் பின்னாலேயே, அவர் சுத்தமாக மறந்துபோயிருந்த ஒன்றும் வந்தது. எலிப்பொறி வாங்கிய அதே வாரம், ஈரோட்டில் ஒரு வக்கீலுக்கு விடியும் வரை பதில் சொல்லிவிட்டு அவர் வீடு திரும்பியபோது, கிருபாவதி தண்ணீர்ச் செம்பை நீட்டிக்கொண்டே சொன்னாள்: "ஏனுங்க, நாஞ் சாப்புட உக்காந்தா எதுத்தாப்புல ஒருத்தரு சாப்புடறாருங்க. கண்ணுக்குத்தான் தெரியறதில்லீங்க." போர்டில் இருப்பது உவமை என்று அவர் விளக்கினார். வெளியே உளறி வைக்காதே, கேள்வி கேட்கிறவர்கள் நம்மைச் சிரிப்பார்கள் என்றும் சொன்னார். அவள் சரிங்க என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

பெண் வந்து சொன்னாள், நான் வெட்டிப்பேச்சு என்று தள்ளினேன். நாற்பது ஊரில் பேசிய வாதம் அவருக்கே திரும்பி வந்திருந்தது. ஞானாபரணம் அடுத்தவர் வீட்டு வாழை மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். நஞ்சுண்டன் சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் அழுதார்.

அன்றைக்கே சாராவுக்குப் போன் பண்ணினார். மூன்றாவது முறை எடுத்தாள். வசனம் ஒன்றும் சொல்லவில்லை.

"உங்கம்மா தனியாச் சாப்புடல கண்ணு. எங்கிட்டச் சொன்னா. நாந்தான் நம்பல."

அப்புறம் சாரா, ஒரு ஆளுக்கு அம்மா எத்தனை டம்ளர் அரிசி போடுவாங்க என்று கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. தெரியாது என்று அவர் ஒரு கேள்விக்குச் சொன்னது அதுதான் முதல் தடவை. போனை வைத்துவிட்டாள்.

ஒன்பதாம் நாள் அவளே கூப்பிட்டாள். அழுதிருந்தாள் என்பது குரலில் தெரிந்தது. "அப்பா, இங்க எதுத்த தட்டுல எல்லாத்தையும் சாப்புட்டுப்போட்டு, கறிவேப்பிலைய மட்டும் ஓரமா அடுக்கி வெச்சுடறாருங்ப்பா."

நஞ்சுண்டன் இன்றைக்கும் நம்புவதில்லை. போத்தனூர், துடியலூர், பெங்களூர் மூன்றிலும் ஒரே மதியம் ஒரு மணிக்கு ஒருவர் எப்படிச் சாப்பிட முடியும் என்று நோட்டுப் போட்டு ஆராய்ந்துவருகிறார். அந்த டிசம்பரில் சாரா வந்து நாலு நாள் இருந்தாள். இரண்டு தட்டு போதுமானதாக இருந்தது. அவள் ரயிலேறிய அன்று மதியம் அவர் அரிசியைக் களைந்து, கூட ஒரு கைப்பிடி போட்டார். அன்றிலிருந்து தாளிப்பில் கறிவேப்பிலை போடுவதில்லை.