தெருப்பக்கமா, சமையலறைப் பக்கமா?

மராத்தி பேசும் ஊரான கட்கியில் அன்பர் மன்றம் என்றால் ஆட்டோக்காரர்களுக்குக்கூடத் தெரியும். வெடிமருந்துத் தொழிற்சாலையின் தமிழ்க் குடும்பங்கள் கல்யாணம், காதுகுத்து எல்லாம் நடத்திக்கொள்வது அந்தக் கூடத்தில்தான். வெள்ளைக்காரன் ஆட்டம் போடக் கட்டியது. தலைக்கு மேலே சுண்ணாம்புக் காரையில் திராட்சைக் கொத்தும் இலையுமாக ஒரு சீலிங், நூற்றிருபது வருடமாகத் தானுண்டு தன் வேலையுண்டு என்று இருந்தது. 2004 மழைக்காலத்தில் அதிலிருந்து ஓர் இலை கழன்று, பந்தி நடக்கும்போது பாயசத்தில் விழுந்து தொலைத்தது. அவ்வளவுதான், செயலாளர் வாசுதேவன் பிடித்துக்கொண்டார்.

அவருக்கு ஹடப்சரில் மகன் வேலை பார்க்கும் ஆபீசில் இருப்பது போல, சப்பையாக வெள்ளையாக, குட்டிக் குட்டி விளக்கு வைத்த ஃபால்ஸ் சீலிங் வேண்டும். பாதிப் பேர் கூடாது என்றார்கள். மூன்று கூட்டம் கத்தித் தீர்த்த பிறகு அவரே ஒரு விதி எழுதினார். விஷயம் தெரிந்தவர் வந்து சோதிக்கட்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காரை கழன்றிருந்தால் மொத்தமும் இடிப்பு, குறைவாக இருந்தால் பழுது பார்ப்பு. தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் தரப் பரிசோதனை பார்த்த மனிதர், விதிக்குக் கீழே கையெழுத்தும் தேதியும் போட்டார்.

அப்படி வந்து சேர்ந்தவள்தான் அகல்யா. கோயம்புத்தூர்ப் பெண். பழைய கட்டடம் பார்க்கும் ஒரு கம்பெனியில் ஆறு வருடம் இருந்துவிட்டு, சொந்தப் பெயரில் எடுத்த முதல் வேலை இது. சாரத்தின் மேல் மல்லாந்து படுத்து நான்கு நாள் அந்தச் சீலிங்கை விரல் முட்டியால் தட்டினாள். கணீரென்றால் காரை மேலேயுள்ள மரச்சட்டத்தைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறது, டொப்பென்றால் விட்டுவிட்டது. இரண்டாம் நாளே அவளுக்கு அந்தத் திராட்சைக் கொத்துகள் மேல் பைத்தியம் பிடித்துவிட்டது. இதை இடிக்க விட்டால் தன் தொழிலுக்கு என்னதான் அர்த்தம் என்று கணவனிடம் சண்டைக்கே போனாள், பாவம், அவன் இடிக்கச் சொல்லவே இல்லை.

கணக்குப் போட்டாள். நூற்றுக்கு இருபத்தெட்டுதான் கழன்றிருந்தது. சமையலறைப் பக்கம் மோசம், தெருப்பக்கம் பத்திரம் என்று வரைபடத்தில் காட்டி, சமையலறைப் பக்கம் முழுக்க முட்டுக் கொடுக்கச் சொன்னாள். முட்டு நிறுத்தியவர் கசார்வாடி காசிம் பாய். அவர் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, இந்தப் பக்கம் கெட்டியாக இருக்கிறதே மேடம் என்று ஹிந்தியில் இழுத்தார். படத்தில் இருப்பதைச் செய்யுங்கள் போதும் என்று அகல்யா அவர் வாயை அடைத்தாள். மகாராணி!

ஞாயிற்றுக்கிழமை காலை பொதுக்குழு, அவள் கணக்கை ஏற்பதா என்று ஓட்டு. முட்டுகளுக்கு அப்பால், தெருப்பக்கத்தில் எழுபது நாற்காலி. வாசுதேவன் தன் நாற்காலிக்கு முன்னால் மைக்கை வைத்துக்கொண்டு, இந்தச் சீலிங் ஆளைக் கொல்லும் என்று பேச ஆரம்பித்தார். நடுநடுவே தலையைத் தட்டிவிட்டுக்கொண்டார். பொடுகு என்று நினைத்தாரோ என்னவோ. அகல்யா பார்த்தாள், அது சுண்ணாம்புத் தூள்.

நிமிர்ந்தாள். அவர் தலைக்கு நேர் மேலே விரிசல் விட்ட திராட்சைக் கொத்து ஒன்று. வரைபடத்தைப் பிரித்தால் அதே கொத்து சமையலறைப் பக்கம் இருந்தது. மல்லாந்து பார்த்ததை அப்படியே வரைந்தால் வலமும் இடமும் மாறிப்போகும். தரையில் ஒரு கண்ணாடி கிடப்பதாக நினைத்து, அதில் தெரிவதைத்தான் வரைய வேண்டும். இந்தத் தொழிலின் அரிச்சுவடி அது. கொத்துகளை ரசித்த மயக்கத்தில் அம்மணி அதைக் கோட்டை விட்டிருந்தாள். முட்டு நிற்பதெல்லாம் பத்திரமான காரைக்கு, சனம் உட்கார்ந்திருப்பது கழன்ற காரைக்குக் கீழே.

வாயைத் திறந்தால் சீலிங்கும் போயிற்று, முதல் வேலையும் போயிற்று. இன்னும் அரை மணி நேரம் அந்தக் கொத்து பொறுத்துக்கொண்டால் போதும், ஓட்டு முடிந்துவிடும் என்று ஒரு கணம் கணக்குப் போட்டாள். போட்டதற்குத் தன் மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது. எழுந்து போனாள்.

"சார், எந்திரிச்சு அந்தப் பக்கம் வாங்க. எல்லாருமே வாங்க. நான் படத்தைத் தலகீழாப் போட்டுட்டனுங்க."

பேச்சை நிறுத்த இது ஒரு தந்திரம் என்று வாசுதேவன் நினைத்தார். நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டு, இன்னும் நாலு பாயிண்ட் பாக்கி இருக்கிறது என்றார். அகல்யா கெஞ்சவில்லை. மைக்கைத் தூக்கிக்கொண்டு முட்டுகளின் பக்கம் நடந்தாள். மைக் போகும்போது செயலாளர் என்ன செய்வார், பின்னாலேயே போனார். கூட்டமும் வேடிக்கை பார்க்க எழுந்து போனது. அவர் ஐந்தாவது அடி வைக்கையில் திராட்சைக் கொத்து காம்போடு இறங்கி அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தது.

தூசி அடங்கியதும் ஒரே இரைச்சல். வலது எது இடது எது என்று தெரியாதவளிடம் சீலிங்கைக் கொடுத்தோமே என்று பொருளாளர் கிரிஜா குதித்தாள். வாசுதேவன் சட்டைப் பையிலிருந்து தன் விதியை எடுத்து, கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஒரு தடவை முழுக்கப் படித்தார்.

"அந்த இருபத்தெட்டு மாறுதாம்மா?"

"இல்லைங்க சார். இடந்தான் மாறுது. காசிம் பாய் அன்னைக்கே சொன்னாரு, நாந்தான் கேக்கலை."

"பஸ், போதும். அப்ப ரிப்பேர்தான். ரூல் ரூல்தான்."

கிரிஜா விடவில்லை. இந்தப் பெண்ணையே வைத்தா என்று கேட்டாள். வாசுதேவன் தலையிலிருந்த சுண்ணாம்பைத் துடைத்துவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"முப்பத்திரண்டு வருஷம் இன்ஸ்பெக்ஷன்ல இருந்தேன். தன்னோட ரிப்போர்ட்டே தப்புன்னு நாலு பேர் நடுவுல எழுந்து சொன்ன ஆள் ஒருத்தரைக்கூட நான் பார்த்ததில்ல." விதியை மடித்துப் பையில் வைத்தார். "நானும் சொன்னதில்ல."